கிளட்ச் இல்லாமல் வண்டி ஓடுவது எப்படி? ஆயிலை வைத்துச் சக்கரம் சுற்றிய ஹெர்மன் ஃபொட்டிங்கரின் கதை

செஞ்சியை அடுத்த அனந்தபுரம் சுற்றுவட்டாரத்தில், ஏரிகள் வற்றி வண்டல் அள்ளும் சீசனில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். மஞ்சள் ஜேசிபி ஒன்று கரையோரம் மண்ணை முட்டிக்கொண்டு நிற்கும். பக்கெட் மண்ணுக்குள் புதைந்திருக்கும், இன்ஜின் உறுமும், சக்கரம் நகராது. ஆனால் இன்ஜின் ஆஃப் ஆகாது. இதையே ஒரு லாரியில் செய்து பாருங்கள். கிளட்சை மிதிக்காமல் விட்டால் ஒரே குலுக்கலில் இன்ஜின் நின்றுவிடும். ஜேசிபி ஆபரேட்டரோ ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரை முன்னே தள்ளுகிறார், பின்னே இழுக்கிறார். வண்டியும் முன்னே போகிறது, பின்னே வருகிறது. அந்த வண்டியில் கிளட்ச் பெடலே கிடையாது.

இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அங்கே என்ன இருக்கிறது? கொஞ்சம் ஆயில். அந்த ஆயிலுக்குள் சுழலும் இறக்கைகள். அவ்வளவுதான். இதற்குப் பெயர் டார்க் கன்வெர்ட்டர். இதன் எளிய தம்பிக்கு ஃபுளூயிட் கப்ளிங் என்று பெயர். இரண்டுக்கும் மூலம் ஒரே மனிதர்: ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஃபொட்டிங்கர். ஆச்சரியம் என்னவென்றால், அவர் இதைக் கார்களுக்காகவோ ஜேசிபிக்காகவோ கண்டுபிடிக்கவில்லை. கப்பலுக்காகக் கண்டுபிடித்தார். கப்பலில் அது தோற்றும் போனது.

கப்பல் பட்டறைக்கு வந்த எலெக்ட்ரிக்கல் இன்ஜினியர்

ஃபொட்டிங்கர் 1877 பிப்ரவரி 9-ம் தேதி நியூரம்பெர்க் நகரில் பிறந்தார். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் 1895 முதல் 1899 வரை படித்தார். படித்தது மின் பொறியியல். ஆனால் வேலை கிடைத்தது பால்டிக் கடலோரம் ஸ்டெட்டின் நகரில் இருந்த வுல்கான் கப்பல் கட்டும் தளத்தில். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. மின்சாரம் படித்தவர் கப்பல் பட்டறையில் வந்து உட்கார்ந்ததுதான் கதையின் திருப்புமுனை என்று சொல்லலாம்.

அவர் வேலைக்குச் சேர்ந்த நேரம் அப்படி. இரண்டு வருடங்களுக்கு முன், 1897-ல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்கான கடற்படை அணிவகுப்பில், சார்லஸ் பார்சன்ஸ் தன் டர்பீனியா படகை ஓட்டிக் காட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைத்திருந்தார். நீராவி டர்பைனில் ஓடிய அந்தச் சின்னக் கப்பலைத் துரத்திப் பிடிக்கக் கடற்படையிடம் வேகமான படகே இல்லை. அதுவரை கப்பல்களில் இருந்தது பிஸ்டன் மேலும் கீழும் போகும் நீராவி இன்ஜின். இனி எல்லாம் டர்பைன்தான் என்று உலகமே முடிவு செய்துவிட்டது.

ஆனால் டர்பைனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது மிக வேகமாகச் சுழன்றால்தான் நீராவியை வீணாக்காமல் வேலை செய்யும். கப்பலின் அடியில் இருக்கும் புரொப்பல்லரோ நேர் எதிர். அது நிதானமாகச் சுழன்றால்தான் தண்ணீரை ஒழுங்காகத் தள்ளும். அளவுக்கு மீறிச் சுழற்றினால் இறக்கைகளைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உண்டாகி, தள்ளும் சக்தி வீணாகும். டர்பீனியாவே ஆரம்பத்தில் இந்தக் குமிழிப் பிரச்னையில் திணறி, கடைசியில் மூன்று தண்டுகளில் ஒன்பது புரொப்பல்லர்களைப் பொருத்தித்தான் தப்பித்தது. இன்னொரு சிக்கலும் இருந்தது. பிஸ்டன் இன்ஜினைத் திருப்பிச் சுழற்றிக் கப்பலைப் பின்னோக்கி எடுக்கலாம். டர்பைன் ஒரே பக்கம்தான் சுழலும். ரிவர்ஸ் போவதற்கென்றே தனியாக இன்னொரு டர்பைன் வேண்டும்.

நடுவில் பல்சக்கர கியர் வைத்து வேகத்தைக் குறைத்தால் முடிந்தது என்று தோன்றலாம். ஆயிரக்கணக்கான குதிரைத்திறனைத் தாங்கும் பெரிய பல்சக்கரங்களைப் பிசிறில்லாமல் வெட்டும் இயந்திரங்கள் அன்று இல்லை. வெட்டினாலும் காதைப் பிளக்கும் சத்தம், பல் உடையும் ஆபத்து.

ஃபொட்டிங்கர் இதற்கு நடுவில் இன்னொரு காரியமும் செய்தார். பிஸ்டன் இன்ஜினின் சக்தியை அளக்க அன்று ஒரு கருவி இருந்தது. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அது வரைந்து காட்டும். டர்பைனில் சிலிண்டரே இல்லையே, எப்படி அளப்பது? புரொப்பல்லரைச் சுழற்றும் நீளமான இரும்புத் தண்டு, சுமை ஏறும்போது மிக லேசாக முறுகும். ஈரத்துணியைப் பிழிவதுபோல, ஆனால் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. அந்த முறுக்கத்தை அளந்தால் முறுக்குவிசை, அதாவது டார்க் தெரிந்துவிடும். அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கினால் சக்தி. இந்த அளவீட்டுக் கருவியை உருவாக்கிய பிறகு, ஒரு கப்பலின் தண்டில் எவ்வளவு சக்தி எங்கே வீணாகிறது என்பது மற்றவர்களைவிட அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

மின்சாரத்தை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தார்

வேகப் பிரச்னைக்கு அவர் முதலில் யோசித்தது, படித்த படிப்புக்கு ஏற்ற வழி. டர்பைனை வைத்து ஜெனரேட்டரைச் சுழற்று. அந்த மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டு. மோட்டார் புரொப்பல்லரைச் சுற்றட்டும். வேகத்தைக் குறைக்கலாம், ரிவர்ஸும் போடலாம். ஆனால் அன்றைய மின் இயந்திரங்களின் எடையும் விலையும் கட்டுப்படியாகவில்லை.

இங்கேதான் மூளை வேறு பக்கம் திரும்பியது. ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் ஒரு தண்ணீர் பம்ப். மோட்டார் இருக்கும் இடத்தில் ஒரு தண்ணீர் டர்பைன். வயருக்குப் பதில் குழாய். பம்ப் தண்ணீரை அடிக்கும், தண்ணீர் டர்பைனைச் சுழற்றும். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குப் போட்டால் உதைக்கிறது. ஒரு பம்ப் நூற்றுக்கு 80 பங்கு சக்தியைத் தாண்டவிடுகிறது, டர்பைனும் 80 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கடந்து மிஞ்சுவது 64 மட்டுமே. குழாயில் உரசிப் போவது தனி.

அவர் பார்த்தது என்னவென்றால், இந்த நஷ்டத்தில் பெரும்பங்கு இறக்கைகளில் ஏற்படுவதில்லை. பம்பிலிருந்து வேகமாக வெளியேறும் தண்ணீரைச் சேர்த்து, வேகத்தைக் குறைத்து, அழுத்தமாக மாற்றிக் குழாயில் அனுப்பி, அந்தப் பக்கம் மறுபடி வேகமாக மாற்றுகிறோமே, அங்கேதான் போகிறது. அப்படியென்றால் குழாய் எதற்கு? பம்பையும் டர்பைனையும் ஒரே கூட்டுக்குள், ஒன்றையொன்று ஒட்டினாற்போல வைத்துவிட்டால்? பம்ப் விட்டெறியும் தண்ணீர் நேராக டர்பைனின் மடியில் விழும். அங்கிருந்து சுற்றிப் பம்புக்கே திரும்பும். இந்த யோசனைக்கு 1905 ஜூன் 24-ம் தேதியிட்ட ஜெர்மன் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு அப்போது வயது 28.

வடைச் சட்டிக்குள் ஒரு சுழல்

இப்போது அந்தக் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் மெதுவாகச் சுழலும். எல்லா ஆட்டோமொபைல் வகுப்பிலும் சொல்லும் உதாரணம் இது. தப்பில்லை, ஆனால் பாதிதான் சரி. உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம்.

ஒரு மெதுவடையைக் குறுக்காக, இட்லியைப் பிரிப்பதுபோல மேல் கீழாக இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி இன்ஜினோடு சேர்ந்து சுழலும். அது இம்பெல்லர். இன்னொரு பாதி கியர்பாக்ஸோடு சேர்ந்தது. அது டர்பைன். இரண்டுக்குள்ளும் தடுப்புகள் மாதிரி இறக்கைகள். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் சின்ன இடைவெளி. உள்ளே ஆயில். இன்ஜின் சுழலும்போது இம்பெல்லரில் இருக்கும் ஆயில், குடைராட்டினத்தில் ஆட்கள் வெளிப்பக்கம் தள்ளப்படுவதுபோல விளிம்பை நோக்கிப் பாய்கிறது. விளிம்பில் தாண்டி எதிர்ப்பாதிக்குள் நுழைகிறது. அங்கே இறக்கைகளை அடித்துத் தள்ளிவிட்டு, நடுப்பகுதி வழியாக மறுபடி இம்பெல்லருக்கு வருகிறது. ஆக ஆயில் இரண்டு விதமாகச் சுற்றுகிறது. வடையோடு சேர்ந்து ஒரு சுற்று, வடையின் உடம்பைச் சுற்றி இன்னொரு சுற்று.

இத்தோடு நிறுத்தினால் அது ஃபுளூயிட் கப்ளிங். இது டார்க்கைக் கூட்டாது. இன்ஜின் கொடுக்கும் டார்க் எவ்வளவோ அதுவேதான் அந்தப் பக்கம் போகும். ஏன் கூட்ட முடியாது? நியூட்டனின் மூன்றாம் விதி. உள்ளே இருப்பது இரண்டே பேர். ஒருவர் எவ்வளவு தள்ளுகிறாரோ அதே அளவுதான் மற்றவர் வாங்க முடியும். கூடுதலாக வேண்டுமென்றால், சுவரில் காலை ஊன்றித் தள்ளுவதுபோல, மூன்றாவதாக அசையாத ஒன்று வேண்டும்.

அந்தச் சுவர்தான் ஸ்டேட்டர். டர்பைனை அடித்துவிட்டுத் திரும்பும் ஆயில், இம்பெல்லர் சுழலும் திசைக்கு எதிராக வருகிறது. அப்படியே விட்டால் இம்பெல்லரின் முகத்தில் மோதி அதை மெதுவாக்கும். நடுவில் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் வளைந்த இறக்கைகள் அந்த ஆயிலின் திசையைத் திருப்பி, இம்பெல்லருக்குச் சாதகமாக அனுப்புகின்றன. ஊஞ்சல் திரும்பி வரும்போது சரியான நேரத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடுவதுபோல. விளைவு: வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கார்களில் இன்ஜின் டார்க் ஏறக்குறைய இரண்டு மடங்காகி கியர்பாக்ஸுக்குப் போகிறது. வேகம் கூடக்கூட இந்தப் பெருக்கம் குறைந்துகொண்டே வரும். சும்மா கிடைப்பதல்ல, வேகத்தை விட்டுக்கொடுத்து டார்க்கை வாங்குகிறோம்.

ஃபொட்டிங்கர் காப்புரிமை எடுத்தது ஸ்டேட்டரோடு சேர்ந்த இந்தக் கன்வெர்ட்டருக்குத்தான். ஜெர்மனியில் இன்றும் இதற்கு அவர் பெயரில் ஒரு பெயர் உண்டு.

எம்டன் கட்டிய ஊரில்

1909-ல் அவர் பட்டறையை விட்டு, டான்சிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். டான்சிக் என்றதும் நமக்கு ஒரு சம்பந்தம் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்திய, தமிழுக்கு ஒரு சொல்லையே தந்துவிட்டுப் போன எம்டன், டான்சிக் அரசுக் கப்பல்தளத்தில் கட்டப்பட்டது. எம்டனில் இருந்தது பழைய பிஸ்டன் இன்ஜின். அதன் ஜோடிக் கப்பலான டிரெஸ்டனில் டர்பைன். அந்தக் காலத்துக் கப்பல் பொறியாளர்கள் எந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள் என்பதற்கு இந்த இரண்டு கப்பல்களே சாட்சி.

ஃபொட்டிங்கரின் சாதனம் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது 1913-ல். ஹாம்பர்க்கிலிருந்து ஹெலிகோலாண்ட் தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகும் குயனிகின் லூயிஸ என்ற கப்பல். கப்பல்களில் உள்ளே சுற்றியது ஆயில் அல்ல, தண்ணீர். முன்னோக்கிப் போக ஒரு அறை, பின்னோக்கிப் போக ஒரு அறை. எதில் தண்ணீரை நிரப்புகிறோமோ அந்தத் திசையில் கப்பல் போகும். கியர் மாற்றும் சத்தமே இல்லை.

ஒரே வருடம்தான். 1914 ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டன் போரில் இறங்கியது. உல்லாசக் கப்பல் அவசரமாகக் கண்ணிவெடி போடும் கப்பலாக மாற்றப்பட்டு, ஆங்கிலேய நீராவிக் கப்பல் மாதிரி வேஷம் போட்டு, இங்கிலாந்துக் கரைக்கு அருகே கண்ணிவெடிகளைக் கொட்டியது. ஆகஸ்ட் 5-ம் தேதியே பிரிட்டிஷ் கப்பல்கள் அதைத் துரத்தி மூழ்கடித்தன. முதல் உலகப் போரில் ஜெர்மன் கடற்படை இழந்த முதல் கப்பல் அது. மறுநாள், அது கொட்டிவிட்டுப் போன கண்ணிவெடியில் சிக்கி பிரிட்டனின் ஆம்பியன் மூழ்கியது. அமைதியாகக் கப்பல் ஓட்டுவதற்காக உருவாக்கிய ஒரு சாதனத்தின் முதல் பெரிய பயணம் இப்படி முடிந்தது.

போர் அவரது சாதனத்துக்கு வேறு விதத்திலும் எமனானது. அதே காலத்தில் பெரிய பல்சக்கரங்களைத் துல்லியமாக வெட்டும் தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது. கன்வெர்ட்டரில் நூற்றுக்குப் பத்து பங்கு சக்தி நஷ்டமாகும் இடத்தில், நல்ல கியரில் இரண்டு பங்குதான் போகும். நீராவிக்கு நிலக்கரி எரிக்கும் கப்பல் கம்பெனி எதை வாங்கும்? பத்து வருட உழைப்பு, இரண்டுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் முடிந்துபோனது.

தூக்கிப் போட்டதிலிருந்து பிறந்த தம்பி

முடிந்தது என்று நினைத்த இடத்தில் வுல்கான் தளத்தின் குஸ்டாவ் பாவர் ஒரு வேலை செய்தார். டர்பைன் போய்க் கப்பல்களுக்கு டீசல் இன்ஜின் வரத் தொடங்கிய காலம். டீசல் இன்ஜின் ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு குத்து விடும். அந்தக் குத்து கியர் பற்களை உடைக்கும். பாவர் கன்வெர்ட்டரிலிருந்து ஸ்டேட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு பாதிகளை மட்டும் நடுவில் வைத்தார். டார்க் பெருகாது, ஆனால் குத்தை ஆயில் வாங்கிக்கொள்ளும். நஷ்டமும் இரண்டு மூன்று பங்குக்கு மேல் போகாது. இதுதான் ஃபுளூயிட் கப்ளிங்.

அதைச் சாலைக்குக் கொண்டுவந்த பெருமை லண்டனைச் சேர்ந்த ஹெரால்ட் சின்க்ளேருக்கு. புறப்படும்போதெல்லாம் பயணிகளைத் தூக்கிப் போடும் பேருந்துகளின் குலுக்கலுக்கு இதில் மருந்து இருப்பதைக் கண்டார். 1930-ல் டெய்ம்லர் கம்பெனி தன் வண்டிகளில் இதைப் பொருத்தியது. பிற்பாடு லண்டனின் புகழ்பெற்ற ஆர்டி ரக இரட்டை மாடிப் பேருந்துகளிலும் இதுவே இருந்தது. 1958-ல் தொடங்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை, அந்த ஆர்டி பேருந்துகளைப் பழையதாக வாங்கிக் கொழும்புத் தெருக்களில் ஓட்டியது. அதில் பயணித்த பெரியவர்கள் இன்றும் அந்த வண்டிகளைப் பற்றிப் பேசுவார்கள். நம்ம ஊரில் பெரும்பாலான டவுன் பஸ் ஓட்டுநர்களின் இடது கால் இன்னும் நாளெல்லாம் கிளட்சை மிதித்துக்கொண்டிருக்கிறது.

கடைசித் துண்டு 1928-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் விழுந்தது. டிரைலோக் என்ற குழுவினர் ஸ்டேட்டரை ஒரு ஒருவழிக் கிளட்சின் மேல் உட்கார வைத்தார்கள். சைக்கிளின் ஃபிரீவீல் மாதிரி. தேவைப்படும்போது அசையாமல் நின்று டார்க்கைப் பெருக்கும். வண்டி வேகம் பிடித்து, ஆயில் ஸ்டேட்டரின் பின்பக்கத்தில் மோதத் தொடங்கியதும், கூடவே சேர்ந்து சுழன்று வழிவிட்டுவிடும். அப்போது அது கன்வெர்ட்டர் அல்ல, வெறும் கப்ளிங். ஒரே பெட்டிக்குள் அண்ணனும் தம்பியும். இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் இருப்பது இந்த வடிவம்தான்.

பெர்லின், ஏப்ரல் 1945

ஃபொட்டிங்கர் 1924-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார். நீரோட்டம், சுழல், டர்போ இயந்திரங்கள் என்று ஆராய்ச்சி. பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள். அவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த வருடங்களில், அவரது தத்துவம் கப்பலை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டிருந்தது. ஹைடன்ஹைமின் ஃபொய்ட் கம்பெனி ரயிலுக்குக் கொண்டுபோனது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ல் ஃபுளூயிட் கப்ளிங் வைத்த ஹைட்ரா-மேட்டிக் கியர்பாக்ஸை அறிமுகப்படுத்தியது.

1945 ஏப்ரலில் சோவியத் படை பெர்லினைச் சுற்றி வளைத்தது. தெருத்தெருவாகச் சண்டை. ஏப்ரல் 28-ம் தேதி வெடிகுண்டுச் சிதறல் பட்டு ஃபொட்டிங்கர் இறந்தார். வயது 68. நான்கு நாட்களில் பெர்லின் சரணடைந்தது. 1948-ல் டார்க் கன்வெர்ட்டருடன் பியூக் டைனாஃப்ளோ விற்பனைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இந்தியாவில் என்ன ஆனது?

இங்கே இதைக் கையில் எடுத்தவர் ரயில்வே பொறியாளர் மன்மோகன் சூரி. டார்க் கன்வெர்ட்டர் புறப்படும்போது பிரமாதம், வேகம் கூடினால் டீசலைக் குடிக்கும் என்பதுதான் ரயிலிலும் பிரச்னை. இழுத்துக் கிளம்பக் கன்வெர்ட்டர், வேகம் பிடித்ததும் அதை விலக்கிவிட்டு நஷ்டம் குறைந்த வழி என்று மாறும் அமைப்பை அவர் 1950-களில் உருவாக்கினார். சூரி டிரான்ஸ்மிஷன் என்றே அதற்குப் பெயர். 1962-ம் ஆண்டுக்கான பட்நாகர் விருது அவருக்குக் கிடைத்தது. பிறகு துர்காபூர் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். செஞ்சிப் பக்கம் வயலில் ஓடும் ஸ்வராஜ் டிராக்டரின் பூர்வீகம் அந்த நிலையம்தான். அந்தத் திட்டத்துக்கு அடிபோட்டவரும் சூரிதான்.

ஆனாலும் நம் ரயில்வேயின் முதன்மை டீசல் இன்ஜின்கள் எல்லாம் டீசல்-எலெக்ட்ரிக். ஃபொட்டிங்கர் முதலில் யோசித்துக் கைவிட்டாரே, ஜெனரேட்டர், மோட்டார், அதே வழி! மின் இயந்திரங்கள் நன்றாக வளர்ந்ததும் அதுவே ஜெயித்தது. மின்சாரக் கார்களில் இப்போது கன்வெர்ட்டரும் கிடையாது, கிளட்சும் கிடையாது.

மற்ற இடங்களில் ஆயிலின் ராஜ்யம்தான். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் கட்டப்படும் அர்ஜுன் டாங்கியில், 1,400 குதிரைத்திறன் இன்ஜினுக்குப் பின்னால் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் உள்ள கியர்பாக்ஸ். 58 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியைச் சேற்றிலிருந்து கிளப்ப, உராய்வு கிளட்சாக இருந்தால் எத்தனை நாள் தாங்கும்? நெய்வேலி போன்ற சுரங்கங்களில் நிலக்கரி சுமந்த நீளமான கன்வேயர் பெல்ட்டை மோட்டார் சட்டென்று இழுத்து அறுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஃபுளூயிட் கப்ளிங்.

கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்று சொல்வதெல்லாம் இது அல்ல. விலை குறைந்த ஏஎம்டி வண்டிகளில் இருப்பது சாதாரண கிளட்ச்தான். காலுக்குப் பதில் ஒரு சின்ன இயந்திரம் அதை மிதிக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் வண்டி விலை அதிகம், கிளம்புவது வழுவழுப்பு. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே ஊர்ந்து போகும். காரணம் ஐடிலிலும் ஆயில் கொஞ்சம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நஷ்டமாகும் சக்தியெல்லாம் சூடாக ஆயிலில் இறங்குவதால், கியர் ஆயிலையும் அதன் கூலரையும் அலட்சியப்படுத்தினால் செலவு பெரிதாக வரும். மைலேஜ் அடிவாங்கக் கூடாது என்பதற்காக இப்போதைய வண்டிகளில், வேகம் நிலையானதும் இம்பெல்லரையும் டர்பைனையும் சேர்த்துப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் இருக்கிறது.

பேட்டரி இறங்கினால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வேலை மட்டும் இந்த வண்டிகளில் நடக்காது. கியர்பாக்ஸுக்குள் அழுத்தம் கொடுக்கும் ஆயில் பம்ப் இன்ஜின் சுழன்றால்தான் சுழலும். சக்கரத்தை எவ்வளவு உருட்டினாலும் அந்தத் தள்ளு இன்ஜினைப் போய்ச் சேராது. ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும்.